இன்னொரு காது

என் தங்கை மகளுக்குக் காது குத்தும் விசேஷத்தில், ஆசாரி இடது காதில் கம்பியை ஏற்றிய அந்த நொடியில், நான் என் இரண்டு காதுகளையும் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டேன். அந்தக் கைகள் அப்போது குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தன என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

குழந்தை வழுக்கிக்கொண்டு போய்விட்டாள். பட்டு வேட்டி வேறு. கட்டத் தெரியாதவர்களுக்கென்று விற்கிறார்களே, ஒட்டிக்கோ கட்டிக்கோ, அந்த ரகம். வேட்டி கடைசிவரை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. தங்கை ஷாலு பாய்ந்து வந்து கவுனைக் கொத்தாகப் பிடித்திராவிட்டால் தலை தரையில் மோதியிருக்கும். பிடித்ததால், தேங்காய்த் தட்டின் விளிம்பில் நெற்றி உரசி, புளியங்கொட்டை அளவு வீக்கத்தோடு போயிற்று.

செண்டை மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். மண்டபமே வாயை மூடிக்கொண்டது. உண்மையைச் சொன்னால், அன்றைய விசேஷத்தில் எனக்குப் பிடித்திருந்தது அந்த மௌனம் ஒன்றுதான். இதை வெளியே சொல்லக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் உலக ஞானம் உண்டு.

மௌனத்தை உடைத்தது ஷாலுவின் மாமியார்.

"கம்பி ஏறும்போதே மாமன் கைய வுட்டா அது நல்லதுக்கில்ல. போதும். இன்னொரு காது இன்னிக்கு வேணாம்."

ஆசாரி பெட்டியை மூடினார். யசோதரா ஒரு காதில் தங்கக் கம்பியோடும் இன்னொரு காதில் ஒன்றுமில்லாமலும் எர்ணாவூர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

என் பெயர் பீம்ராவ். அப்பா புளியந்தோப்பில் மன்றம் நடத்தியவர். மகன் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று பேசுவான் என்று எண்ணி வைத்த பெயர். மகனோ, கூட்டம் என்றால் கழிவறை எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவைத்துக்கொள்பவனாக வளர்ந்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கல்யாண மண்டபத்தைக் கேட்டாலும் சொல்வேன்: தாழ்ப்பாள் ஒழுங்காக விழுமா, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுமா, கதவைத் தட்டாமல் எவ்வளவு நேரம் விட்டுவைப்பார்கள். சாப்பாடு எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள். பந்தி வரைக்கும் நான் தாங்கியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் எனக்கு ஆட்டிசம் என்றார். கூட வந்திருந்த என் அம்மா செல்லம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"அது கொழந்தைங்களுக்கு வர்றதாச்சே டாக்டரு. இவனுக்கு முப்பத்தஞ்சு ஆவுது."

"பொறந்ததுலேர்ந்தே இருக்கறதும்மா. இப்பதான் தெரிய வந்திருக்கு."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

ஏதோ மார்க்‌ஷீட்டை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்த பையனைக் கேட்பதுபோல் கேட்டாள்.

என் காதில் கோளாறில்லை. எல்லாம் ஒரே அளவில் கேட்கிறது, அதுதான் கோளாறு. எதிரே நின்று பேசுபவரின் குரல், மூன்றாம் வரிசையில் ஒருவர் கரண்டியைக் கீழே போடுவது, ட்யூப்லைட் முனகுவது, யாருடைய வளையலோ, யாருடைய செல்போனோ, எதுவும் வரிசையில் நிற்பதில்லை. ரேஷன் கடை திறந்ததும் நடப்பது மாதிரி எல்லாம் சேர்ந்து கதவில் முண்டும். ஓரளவுக்கு மேல் போனால் உள்ளே ஷட்டர் இறங்கிவிடும். அதற்குப் பிறகு நான் இருப்பேன், கடை இருக்காது.

நான் வேலை பார்ப்பது மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். மீனும் மருந்தும் ஏற்றிவந்த குளிர்பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் குளிர் சரியாக இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். சத்தத்தில் உனக்குப் பைத்தியம் பிடிக்காதா என்று கேட்கிறார்கள். பிடிக்காது. கம்ப்ரசர் காலையில் போட்ட சத்தத்தைத்தான் சாயந்தரமும் போடும். நடுவில் "இன்னா பீமு, எளைச்சிட்ட?" என்று கேட்காது. இருந்தாலும் யார்டில் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு காதடைப்பான் தருவார்கள். என்னுடையது எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். விசேஷத்தன்றும் போட்டுக்கொண்டுதான் போனேன்.

மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் சும்மா வந்து நின்றால் ஆகாது. தெருமுனையிலிருந்து மேளத்தோடு வர வேண்டும். ஷாலுவின் புருஷன் குணசேகரன் ஆசையோடு செண்டை மேளம் சொல்லியிருந்தார். முன்னால் வெடி, பின்னால் தட்டுகள், நடுவே மாலையோடு நான். சம்பங்கி மாலை ஈரமாகக் கழுத்தில் ஒட்டியது. சட்டை காலரில் கடைக்காரன் குத்திய ஊசி ஒன்றை எடுக்க மறந்திருந்தேன். மண்டபத்தில் உட்கார்ந்ததும் வீடியோக்காரர் விளக்கை முகத்துக்கு நேரே வைத்தார். குழந்தையின் மொட்டைத் தலையில் அப்பிய சந்தனத்தின் வாசனை நேராக மூக்கில். அதுவரை சமாளித்தேன். காதில் பஞ்சு இருந்தது, மடியில் யசோதரா இருந்தாள்.

யசோதராவும் நானும் நல்ல சிநேகிதம். அவளுக்குப் பேச்சு இன்னும் வரவில்லை, எனக்கு அதிகம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் தவழ்ந்து வந்து மடியில் ஏறி, என் கைக்கடிகாரத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டோம். குடும்பத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே வேலை அந்த மடிதான். பந்தி பரிமாற, வரவேற்பில் நிற்க, சண்டை தீர்க்க எல்லாம் வேறு ஆள் இருக்கிறார்கள். தாய்மாமன் மடிக்கு வேறு ஆள் கிடையாது. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மொட்டைக்கும் காதுக்கும் நடுவே வீடியோக்காரர் கையைத் தூக்கினார். "சார் காதுல ஆரஞ்சு கலரா இன்னாமோ தெரியுது. ஃப்ரேம்ல வருது."

அம்மா குனிந்து பார்த்தாள். "டேய், காது குத்துற விசேஷத்துல மாமனே காத அடைச்சிகினு குந்தியிருந்தா பாக்கறவன் சிரிக்க மாட்டான்? எட்றா."

எடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் முதலில் சொன்னது.

அன்றைக்கு மண்டபத்திலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. கால்கள் கூட்டிக்கொண்டு போயின. எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்குள் போகிற ட்ரெய்லர்கள் வழக்கம்போல் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்றின் நிழலில் உட்கார்ந்தேன். மாலை, பட்டு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். உச்சி வெயிலில் அப்படி ஒருத்தன் வந்து சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தால் டிரைவர் சும்மா இருப்பாரா. கேபினிலிருந்து தலையை நீட்டினார். நரைத்த மீசை.

"இன்னா நைனா, ஓடியாந்துட்டியா?"

எனக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. வார்த்தை உள்ளே இருக்கிறது, எடுத்துக் கொடுக்க ஆளில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினேன்.

"பொண்ணு புடிக்கலியா?"

மறுபடி ஆட்டினேன்.

"வூட்ல கம்பல் பண்ணிட்டாங்களா? சொல்லு, நானும் அப்டி மாட்னவன்தான். அன்னிக்கே எங்கனா எகிறிடலாம்னு வண்டிய எடுத்தேன். அன்னிக்குனு பாத்து ஸ்டார்ட் ஆவல. இப்ப மூணு பசங்க." கீழே இறங்கி ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "பேச வராதா? அடப்பாவமே. வாயில்லாதவன்னா எவள வேணா கட்டி வெச்சிடுவானுங்க."

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குடித்தேன். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பீடி பற்றவைத்து எனக்கு எதிர்ப்பக்கம் ஊதினார். கல்லின் மேல் கடல் அடிப்பதும், முன்னால் நிற்கிற லாரியின் என்ஜின் துடிப்பதும் மட்டும் கேட்டது. வரிசை நகர்ந்தபோது அவர் எழுந்தார். நான் மாலையைக் கழற்றி அவர் வண்டிக் கண்ணாடியில் மாட்டினேன். நன்றி சொல்ல அதைவிட எனக்கு அப்போது எதுவும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். "போய் அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்ட்டாவது ஓடு நைனா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். என் தாய்மாமன் மாலை துறைமுகத்துக்குள் போனது.

அடுத்த சில நாட்கள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அழுகை வரவில்லை. குழந்தை நெற்றி வீக்கம் இறங்கிவிட்டது என்று அம்மா சொன்னபோது சந்தோஷமும் வரவில்லை. வருத்தம் எங்கேயோ இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு வறுப்பது மாதிரி. வாசனை வருகிறது, சட்டி நம்முடையதில்லை. யார்டுக்குப் போனேன், பெட்டிகளைச் சுற்றிவந்தேன், தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்தேன். உறவுக்காரர்கள் குரூப்பில் அந்த வீடியோவை யாரோ போட்டிருந்தார்கள். நான் காதைப் பொத்துகிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். நல்ல டைமிங். யாரோ தெரியாத ஆள் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

பிறகு குணசேகரன் போன் செய்தார்.

"மச்சான், ஞாயித்துக்கெழம அந்த இன்னொரு காத வூட்லயே முடிச்சிக்கலாம்னு கீறோம். சிம்பிளா."

"நான் வரணுமா?"

"இன்னா மச்சான் இப்டி கேட்டுட்டீங்க. நீங்க இல்லாமலா?"

"அப்போ மடியில நான்தான உக்காரணும்?"

"அதெல்லாம் அங்க வந்து பாத்துக்கலாம் மச்சான். டில்லி வேற வர்றாப்ல."

டில்லி என் பெரியம்மா மகன். செண்டை மேளம் கேட்டால் காதைப் பொத்தாமல் இடுப்பை ஆட்டுகிறவன். தன் பிள்ளைகளை ஒரே கையில் சேர்த்துத் தூக்கிக்கொண்டே மறுகையில் பிரியாணி சாப்பிடுவான்.

"டில்லி எதுக்கு?"

"சும்மா மச்சான். சும்மாதான்."

வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் டில்லியே வாய்ஸ் நோட் அனுப்பினான். பின்னால் குக்கர் விசில் அடித்தது. "அண்ணாத்த, டென்சன் ஆவாத. நான் சும்மா ஸ்டெப்னி மாதிரி. நீ ஓட்டு."

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல். ஞாயிற்றுக்கிழமை அந்த மடி என்னுடையதா இல்லையா. ஆம் என்றால் ஒரு மாதிரி தயாராக வேண்டும், இல்லை என்றால் வேறு மாதிரி. இரண்டும் எனக்கு வரும். "அங்க வந்து பாத்துக்கலாம்" மட்டும் வராது. மற்றவர்கள் அந்த மாதிரிப் பேச்சுக்குள் எப்படி வசதியாகக் குடியிருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்கு அது கரண்ட் இருக்கிறதா இல்லையா தெரியாத ஒயர்.

அம்மாவைக் கேட்டேன்.

"சாப்டு மொதல்ல."

"சாப்ட்டா சொல்லுவியா?"

"உன் இஷ்டம்டா பீமா. உனக்கு எப்டி தோணுதோ அப்டி செய்."

எனக்கு எப்படியும் தோணவில்லை. அதுதான் அந்த வாரத்து நிலைமை. சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகும் அம்மா சொல்லவில்லை.

ஷாலுவுக்கு எழுதினேன்: "ஞாயிற்றுக்கிழமை யசோவை நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டுமா, வேண்டாமா?" அவள் இரண்டு கை கும்பிடுகிற பொம்மையை அனுப்பினாள். யாரைக் கும்பிடுகிறாள், எதற்கு, வா என்றா, விட்டுவிடு என்றா. பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன். கும்பிட்டபடியே இருந்தது.

யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற உச்சிமாகாளி திருநெல்வேலிப் பக்கம். கேண்டீனில் எனக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்த ஒரே மனிதர். நடந்ததைச் சொன்னேன்.

"ஏல, 'உன் இஷ்டம்'னா வேண்டாம்னு அர்த்தம். 'நீங்க இல்லாமலா'ன்னா வந்தா வாங்கன்னு அர்த்தம். இது கூடத் தெரியாமலா இம்புட்டு வயசாச்சு?"

"அப்போ நெஜமாவே வேணும்னா எப்டி சொல்லுவாங்க?"

அவர் டீயை உறிஞ்சியபடி யோசித்தார். "வேணும்னா ஒண்ணும் சொல்ல மாட்டாவ. நீ போகலைன்னா சண்டைக்கு வருவாவ."

"போனதுக்கப்புறம் வேணாம்னு தெரிஞ்சா?"

"அதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. ஆயுசுக்கும் மனசுல வச்சிக்கிடுவாவ."

இவ்வளவு சிக்கலான ஏற்பாட்டை எல்லோரும் பள்ளிக்கூடம் போகாமலே கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மரியாதையாகத்தான் இருந்தது.

பதில் வராத நிலையில், ஆம் என்றே வைத்துக்கொண்டு தயாரானேன். வீட்டில் பிரிக்காத அரிசிப் பை ஒன்று இருந்தது, ஏறக்குறைய யசோதராவின் எடை. அதே பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு, அரிசியை மடியில் உட்காரவைத்து, ஒரு கையை அதன் வயிற்றிலும் இன்னொரு கையை அதன் முதுகிலும் வைத்தேன். பக்கத்தில் செல்போனில் செண்டை மேளத்தைச் சத்தமாக ஓடவிட்டேன். கை எழும்பப் பார்க்கும். எழும்பும்போது விரலால் பையின் தையலைப் பிடித்துக்கொள்வேன். பல்லைக் கடிப்பேன். மூக்கில் தண்ணீர் வரும். முடிந்ததும் கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லாதவனாக இருப்பேன். பிறகு மறுபடி.

அம்மா ஒருமுறை பார்த்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள். ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். "அரிசில பூச்சி வந்துடப் போவுது, பாத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. ஜலதோஷம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் இல்லையோ என்று படுகிறது.

அரிசியை நான் ஒருமுறைகூடக் கீழே விடவில்லை. ஆனால் அரிசி வீறிட்டு அழாது.

சனிக்கிழமை முற்பகல் எர்ணாவூருக்குப் பஸ் ஏறினேன். குணசேகரன் வேலைக்குப் போயிருப்பார், மாமியார் கோயிலுக்குப் போயிருப்பாள் என்று கணக்கு. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கேட்க வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று.

ஷாலு சமையல்கட்டுத் தரையில் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து கவளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். "வாண்ணா. குந்து. நாஸ்தா ஆச்சா?"

"ஆச்சி."

சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் கண் மீனில் இருந்தது, என் கண் அவள் விரலில். எங்களுக்குள் நல்ல பேச்சு நடப்பதெல்லாம் இந்த மாதிரி யாரும் யார் முகத்தையும் பார்க்காதபோதுதான். செதிலைச் சுரண்டினாள், தலையை அறுத்தாள், குடலை உருவிக் காகிதத்தில் போட்டாள். மீன் வாசனை எனக்கு ஆகாது. ஆனால் அது ஒரே வாசனை, நின்ற இடத்தில் நிற்கிற வாசனை.

"ஷாலு, நாளைக்கு நான் உக்காரணுமா?"

"மீன் கொழம்பு வெக்கிறேன், இருந்து சாப்ட்டு போ."

"நாளைக்கு."

"நீ வேற ஏண்ணா. அதையே நெனச்சிகினு கீறியா? வுடு."

விடு என்றால் எதை. கேள்வியையா, குழந்தையையா. குழந்தையைத்தான் ஏற்கெனவே விட்டாயிற்றே என்று நாக்கு நுனி வரை வந்தது. என் ஜோக்குகளுக்கு நேரம் காலம் தெரியாது. நல்லவேளை, அன்றைக்கு வாய் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து யசோதரா தவழ்ந்து வந்தாள். மொட்டைத் தலையில் ஊசி ஊசியாக முடி. ஒரு பக்கம் மட்டும் கம்பி மினுக்கியது. என்னைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. நேராக வந்து முழங்காலைப் பிடித்து, வழக்கம்போல் மடியில் ஏறி, கைக்கடிகாரத்தை வாயில் வைத்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போல.

ஒரு கையை வயிற்றிலும் இன்னொரு கையை முதுகிலும் வைத்தேன். சூடாக இருந்தாள். அரிசி இப்படி இருக்கவில்லை.

"புடிச்சிகினியா?" என்றாள் ஷாலு.

"புடிச்சிகினேன்."

அதற்குப் பிறகு மீன் அறுபடும் சத்தம் கேட்கவில்லை. பாதி அறுத்த மீன் அவள் கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் யசோதராவைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ பைக்கை முறுக்கினார்கள். அவள் தோள் தூக்கிப்போட்டது. பைக் சத்தத்துக்கு வழக்கமாகத் தூக்கிப்போடுவது என் தோள். அன்றைக்கு அது சும்மா இருந்தது.

"ஷாலு, எல்லாரும் பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னே சொல்றாங்க. எனக்கு அது புரியாது, உனக்குத் தெரியும். உக்காரணுமா, வேணாமா? ஒண்ணு சொல்லு."

அவள் மீனைச் சட்டியில் போட்டாள். புறங்கையால் நெற்றி முடியைத் தள்ளினாள். ஒரு செதில் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"வேணாம்."

நான் காத்திருந்தேன். பொதுவாக இப்படி ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு "ஆனா" வரும், "தப்பா எடுத்துக்காத" வரும். வரவில்லை.

"டில்லி மடியில குந்தட்டும். நீ நாளைக்கு வராத. வரவே வராத."

"சரி."

"இன்னா சரி? ஏன்னு கேக்க மாட்டியா?"

"ஏன்?"

"நீ இருந்தா நான் பாப்பாவ பாக்க மாட்டேன்ண்ணா. உன்னத்தான் பாப்பேன்." குரல் ஏறியது, அவளே அடக்கிக்கொண்டாள். "எந்த விசேஷத்த நான் பாத்திருக்கேன் சொல்லு. ஸ்கூல்ல படிக்கிறப்ப மாமா கல்யாணத்துல நீ எங்க போய்ட்டன்னு தேடிகினு இருந்தேன். என் கல்யாணத்துல தாலி ஏறுது, எல்லாரும் அரிசி போட்றாங்க, நான் தலைய குனிஞ்சிகினு கண்ண சாய்ச்சி உன்னத்தான் பாக்கறேன், எழுந்து ஓடிடுவியோன்னு. அன்னிக்கு மண்டபத்துலயும் அதான். பாப்பா மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. ஊசி ஏர்றப்ப எப்டி அழுதா, யார தேடினா, எதுவும் தெரியாது. உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன். அதனாலதான் புடிச்சேன். எல்லாரும் இன்னாமா புடிச்சா பாருன்றாங்க." மூக்கை உறிஞ்சினாள். "இந்த ஒரு காதயாவது நான் பாக்கணும்."

யசோதரா கடிகாரத்தை விட்டுவிட்டுப் பட்டனைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். எனக்கு உள்ளே என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ரொம்ப நேரமாகக் காலரில் குத்திக்கொண்டிருந்த ஊசியை யாரோ எடுத்த மாதிரி இருந்தது. எடுத்த இடம் வலித்தது. வாரம் முழுக்க எதுவும் வலிக்காமல் இருந்தவனுக்கு அது நல்ல வலியா கெட்ட வலியா என்று பிரிக்க வரவில்லை.

குழந்தையைத் தூக்கி அவளிடம் நீட்டினேன். அவள் கை மீனாக இருந்தது. "தரையில வுடு, அதுவா வரும்" என்றாள். மெதுவாக இறக்கிவிட்டேன். இறங்கி முடிக்கும் வரைக்கும் அவள் என் கையையே பார்த்தாள், பிறகு மீனை எடுத்தாள்.

கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேரான பதில் கிடைக்கிற கடை திறந்திருக்கும்போது இன்னொன்றையும் வாங்கிவிடலாம் என்று பட்டது.

"என் மேல கோவமா கீறியா?"

அரிவாள்மனையில் மீன் தலை துண்டாகி விழுந்தது.

"கீறேன்" என்றாள் ஷாலு. "அப்பால போய்டும். இப்ப கீது."